குதிரைக்கு டாக்டர் பாக்குறது: ஆள் தேடுறதுல இருந்து ராத்திரி அவசரம் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

குதிரை வாங்குறப்போ சேணம் எது நல்லது, கடிவாளம் எது நல்லது, என்ன தீனி போடலாம்னு நாலு பேர்கிட்ட விசாரிக்கிறோம். டாக்டரை மட்டும் குதிரை தரையில படுத்து புரளும்போதுதான் தேடுறோம், அதுவும் பெரும்பாலும் ராத்திரி நேரத்துல. குதிரையோட உடம்பு அதுவரைக்கும் பொறுத்துக்கிற உடம்பு இல்லைங்க. அதால வாந்தி எடுக்க முடியாது, உணவுக்குழாய் இரைப்பையில சேர்ற இடத்துல இருக்கிற தசை அவ்வளவு இறுக்கம், உள்ள போனது திரும்பி மேல வரவே வராது. 500 கிலோ எடை இருக்கிற மிருகத்துக்கு இரைப்பை கொள்ளளவு 8ல இருந்து 15 லிட்டர்தான். வாயால மூச்சும் விடாது, மூக்கு அடைச்சா அவ்வளவுதான். இந்த மாதிரி உடம்பை வச்சுக்கிட்டு காலையில பாத்துக்கலாம்னு படுக்கப் போறது பல நேரம் ரொம்ப பெரிய ரிஸ்க்.

இதுல டாக்டர் என்ன பண்ணணும்னு நான் பெருசா எழுதப் போறதில்ல, அது அவங்களுக்கு தெரியும். அவர் வர்றதுக்கு முன்னாடி நாம செய்ய வேண்டியது, செய்யவே கூடாதது, அவர் வந்தப்புறம் நாம புரிஞ்சுக்க வேண்டியது, இதுலதான் பாதி குதிரைங்க பொழைக்கிறதும் போறதும் இருக்கு, அதனால அங்கதான் அதிகம் நிக்கப் போறேன்.

படி 1: குதிரை நல்லா இருக்கும்போதே டாக்டரை பிடிங்க

கால்நடை டாக்டர் எல்லாருமே காலேஜ்ல குதிரை பத்தி படிச்சுட்டுத்தான் வந்திருப்பாங்க, ஆனா தினமும் குதிரை மேல கை வைக்கிறவங்க ரொம்ப கம்மி. மாடு, நாய் நல்லா பாக்குறவர் குதிரையும் பாப்பாருன்னு நாமளா முடிவு பண்ணிக்க வேண்டாம், நேராவே கேட்டுடுங்க, நல்ல டாக்டர் யாரும் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க. கேக்க வேண்டிய கேள்வி என்னன்னா, மூக்கு வழியா இரைப்பைக்கு விடுற டியூப் வண்டியிலேயே வச்சிருக்கீங்களா, ராத்திரி கூப்பிட்டா வருவீங்களா, நீங்க ஊர்ல இல்லாத நாள்ல யாரைக் கூப்பிடணும், எடுத்துட்டு வர்ற மாதிரி எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின் இருக்கா, ஆபரேஷன் தேவைப்பட்டா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க. டியூப் கேள்விக்கு வர்ற பதில் ஒண்ணை வச்சே அவர் குதிரை டாக்டரா இல்லையான்னு ஓரளவு சொல்லிடலாம்ங்கிறது என் அபிப்பிராயம். வயித்து வலி கேஸ்ல அந்த டியூப் இல்லாம வர்ற டாக்டரால பாதி வேலைதான் செய்ய முடியும்.

வர்றதுக்கு எவ்வளவு, ராத்திரி வந்தா எவ்வளவு, பணம் எப்படி கட்டணும்னு அப்பவே பேசிடுங்க. அவரோட முதல் விசிட் ஒரு தடுப்பூசிக்கோ பல் பாக்கவோ இருக்கட்டும். குதிரை ஆரோக்கியமா இருக்கும்போது எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாத்து வச்சவருக்கு, நோய்வாய்ப்பட்டு இருக்கும்போது பாக்குறது எவ்வளவோ சுலபம்.

உங்க பக்கமும் வேலை இருக்கு. சமதரையா ஒரு இடம், நல்ல வெளிச்சம், தண்ணி, குதிரையைப் பிடிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள், இது நாலும் ரெடியா இருக்கணும். நாலு காலையும் தூக்க விடுறது, காது வாய் தொட விடுறது, வால் பக்கம் ஆள் நின்னா உதைக்காம இருக்கிறது, இதெல்லாம் தினமும் பழக்குங்க. வண்டியில ஏறவும் பழக்குங்க. ஆஸ்பத்திரிக்கு போக வேண்டிய குதிரை வண்டியில ஏற மாட்டேன்னு ஒரு மணி நேரம் முரண்டு பிடிச்சா அந்த ஒரு மணி நேரம் குடலுக்குத்தான் நஷ்டம்.

இன்னொண்ணு, வீட்டுல உக்காந்து நிதானமா முடிவு பண்ணி வைங்க: வயித்து ஆபரேஷன் வரைக்கும் போவீங்களா மாட்டீங்களா? செலவும் பெருசு, பாத்துக்கிறதும் மாசக்கணக்கா. முழு மயக்கம் கொடுக்கிறதே குதிரைக்கு ஆபத்துதான், மனுஷனைவிட பல மடங்கு, ஏறத்தாழ நூத்துக்கு ஒரு குதிரை அதுலயே போயிடுது, அவ்வளவு கனமான உடம்பு படுத்துக்கிடக்கும்போது தசைக்கு ரத்தம் ஒழுங்கா போகாது, எழுந்திரிக்கும்போது தடுமாறி காலை முறிச்சுக்கிற குதிரையும் உண்டு. ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்றது பாவமில்ல. ஆனா குதிரை துடிக்கும்போது வீட்டுல நாலு பேர் நாலு பக்கம் பேசுற நிலைமை வரக்கூடாது, நீங்க ஊர்ல இல்லாதப்போ யார் முடிவு எடுக்கணும்னும் டாக்டர்கிட்டயே சொல்லி வச்சிடுங்க.

படி 2: உங்க குதிரைக்கு எது நார்மல்னு எழுதி வைங்க

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்கா செஞ்சாலே போதும்னு சொல்ற அளவுக்கு முக்கியம். போன்ல "குதிரைக்கு ஒரு மாதிரியா இருக்கு சார்"னா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. "நாடித் துடிப்பு எப்பவும் 36, இப்போ 64"னா அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு கிளம்பிடுவார்.

ஓய்வுல இருக்கிற வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44. தாடை எலும்போட கீழ் ஓரத்துல விரலை வச்சு தேடினா கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் உருளும், அதுல எண்ணலாம், இல்லைன்னா ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னாடி அழுத்தி வைங்க. லப்-டப் ரெண்டும் சேர்ந்துதான் ஒரு துடிப்பு, புதுசா பாக்குறவங்க ரெண்டையும் தனித்தனியா எண்ணி பயந்துடுவாங்க. மூச்சு நிமிஷத்துக்கு 8ல இருந்து 16, விலாப்பக்கம் ஏறி இறங்குறதைப் பாத்து எண்ணுங்க, மூக்குகிட்ட கையைக் கொண்டு போனா மோப்பம் பிடிச்சு கணக்கைக் கெடுத்துடும். வெப்பநிலை ஆசனவாய்ல பாக்கணும், 37.2ல இருந்து 38.3 டிகிரி செல்சியஸ். டிஜிட்டல் தெர்மாமீட்டர்ல ஒரு நூலைக் கட்டி கிளிப் வச்சு வால் முடியில மாட்டுங்க, இல்லைன்னா லத்தியோட சேர்ந்து விழுந்து காணாமப் போகும், இல்லை உள்ளயே போயிடும். பின்னாடி நிக்காம இடுப்பை ஒட்டி பக்கவாட்டுல நின்னு வைக்கணும்.

ஈறு வெளிர் ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும். விரலால அழுத்தி எடுத்தா வெள்ளையான இடம் 2 செகண்டுக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும். செங்கல் சிவப்பு, ஊதா, பல் ஓரமா கருஞ்சிவப்புக் கோடு, இதுல எது தெரிஞ்சாலும் உடனே போன். வயித்துல காதை வச்சா ரெண்டு பக்கமும் களக் களக்னு சத்தம் கேக்கணும். சத்தமே இல்லாத வயிறு, சத்தம் ஜாஸ்தியா இருக்கிற வயித்தைவிட பயப்பட வேண்டியது.

குளம்புக்கு மேல கணுக்காலோட பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஒரு நாடி இருக்கு. நல்லா இருக்கிற குதிரைக்கு அதைத் தேடிப் பிடிக்கிறதே கஷ்டம், அதனால இப்பவே தேடிப் பழகுங்க. திண்ணு திண்ணுன்னு விரலைத் தள்ளுற அளவுக்கு துடிச்சா குளம்புக்குள்ள ஏதோ வீக்கம்னு அர்த்தம்.

அப்புறம் லத்தி. ஒரு நாளைக்கு சுமாரா 8ல இருந்து 12 தடவை போடும், உங்க குதிரை எத்தனை தடவைன்னு லாயம் கூட்டுறவருக்குத்தான் உங்களைவிட நல்லா தெரியும், அவரை தினமும் ஒரு வார்த்தை கேளுங்க. தண்ணி 25 லிட்டர்ல இருந்து வெயில் காலத்துல 50 தாண்டியும் குடிக்கும், வாளியில குடிச்சா அளவு தெரியும், தானியங்கி தொட்டியில குடிச்சா ஒரு துளி குடிக்கலைன்னாலும் உங்களுக்கு தெரியாது.

ஒரு வாரம் காலையும் மாலையும் இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. அதுதான் உங்க குதிரையோட நார்மல். புத்தகத்துல இருக்கிற நம்பர் அதுக்கு அடுத்ததுதான்.

படி 3: வருஷா வருஷம் நடக்க வேண்டிய வேலை

தடுப்பூசியில டெட்டனஸ் எந்த நாட்டுல இருந்தாலும் கட்டாயம். அந்த கிருமி மண்லயும் குதிரை லத்தியிலயுமே இருக்கு, வீட்டு மிருகங்கள்ல குதிரை அளவுக்கு அதுக்கு சுலபமா பலியாகிறது வேற இல்ல. முதல்ல 4ல இருந்து 6 வாரம் இடைவெளியில ரெண்டு டோஸ், அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில பூஸ்டர். ரேபிஸ், இன்ஃப்ளூயன்ஸா, ஹெர்பெஸ், கொசு பரப்புற மூளைக்காய்ச்சல் வகைங்க எல்லாம் நீங்க இருக்கிற பகுதியையும் குதிரை வெளிய போற அளவையும் பொறுத்தது. சினையா இருக்கிற பெட்டைக்கு கருச்சிதைவு உண்டாக்குற ஹெர்பெஸுக்கு 5, 7, 9வது மாசத்துல ஊசி போடுறது வழக்கம். ஊசி போட்ட மறுநாள் கழுத்து வலிச்சு தலையைக் குனியாம நின்னா தீனி, தண்ணியை உயரத்துல வைங்க, சவாரி வேண்டாம்.

குடல் பூச்சி மருந்து விஷயத்துலதான் ஊரே தப்பு பண்ணுது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு ஒரே மருந்தைக் கொடுக்கிற பழக்கத்தால பூச்சிங்க பல மருந்துக்கு அசையாம நிக்குது, பென்பென்டசோல் நிறைய இடத்துல சிறிய ஸ்ட்ராங்கைல்ங்கிற குடல் புழுவை ஒண்ணுமே பண்றதில்ல. இப்போ முறை என்னன்னா, முதல்ல லத்தியை லேபுக்கு அனுப்பி கிராமுக்கு எத்தனை முட்டைன்னு எண்ணிப் பாக்கணும். 200க்கு கீழ இருந்தா வளர்ந்த குதிரைக்கு அடிக்கடி மருந்து தேவையில்ல. ஒரு கூட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு குதிரைங்கதான் மொத்த முட்டையில முக்கால்வாசிக்கு மேல போடும், அது எதுன்னு கண்டுபிடிச்சு அதைக் கவனிச்சா போதும். மருந்து கொடுத்து 14 நாள் கழிச்சு திரும்ப எண்ணினா மருந்து வேலை செஞ்சதா இல்லையான்னு தெரிஞ்சிடும். ஆனா முட்டைக் கணக்குல நாடாப்புழுவும், குடல் சுவர்ல கூடு கட்டி தூங்குற குட்டிப் புழுவும் சரியா தெரியாது, அதுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டர் சொல்ற மருந்து வேணும்.

மருந்து எடைக்கு ஏத்த மாதிரி கொடுக்கணும், கண் அளவு வேலைக்கு ஆகாது, குறைச்சுக் கொடுத்தா அதுவே பூச்சிக்கு பயிற்சி கொடுத்த மாதிரி ஆயிடும். தராசு இல்லைன்னா முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால பெருக்குங்க, அதை தோள்முனையில இருந்து புட்டமுனை வரைக்கும் இருக்கிற நீளத்தால பெருக்குங்க, வர்றதை 11,880 ஆல வகுத்தா ஏறக்குறைய கிலோ கிடைக்கும். 180 சுற்றளவு, 160 நீளம்னா 436 கிலோ. குட்டிங்களுக்கு மட்டும் தனி ஜாக்கிரதை, உருண்டைப்புழு நிறைய இருக்கிற குட்டிக்கு வேகமான மருந்து கொடுத்தா செத்த புழு மொத்தமா குடலை அடைச்சிடும். மாக்ஸிடெக்டின்ங்கிற பூச்சி மருந்து சின்னக் குட்டிக்கும் எலும்பும் தோலுமா இருக்கிற குதிரைக்கும் ஆகாது.

பல்லு. குதிரைப் பல் வாழ்நாள் முழுக்க வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளிய வந்துக்கிட்டே இருக்கும், அரைச்சு தேயும். மேல்தாடை கீழ்தாடையைவிட அகலம், அதனால மேல்பல்லோட வெளி ஓரமும் கீழ்ப்பல்லோட உள் ஓரமும் கத்தி மாதிரி கூராகி கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். புல்லை மென்னு உருண்டையா துப்புறது, ஒரு பக்கமா தலையைச் சாய்ச்சு மெல்றது, வாய் நாத்தம், கடிவாளம் போட்டதும் தலையை உதறுறது, இதெல்லாம் அடையாளம். வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும், பால்பல் விழுற ரெண்டரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. வாயைத் திறந்து பிடிக்கிற கருவி, தலை விளக்கு, கண்ணாடி, லேசான மயக்க ஊசி இதெல்லாம் இல்லாம பல்லோட கூர் ஓரத்தை ராவுறவங்ககிட்ட வாயைக் கொடுக்காதீங்க, பின்கடைவாய்ப் பல்லை அவர் பாத்திருக்கவே மாட்டார். மயக்கம் முழுசா தெளியுற வரைக்கும் தீனி வைக்கக்கூடாது, தொண்டையில அடைச்சுக்கும். மயக்கத்துல தூங்கி வழிஞ்சாலும் குதிரை உதைக்கும்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

குளம்பு 6ல இருந்து 8 வாரத்துக்கு ஒரு தடவை சீவணும், லாடம் இருந்தாலும் இல்லாட்டியும். லாடம் அடிக்கிறவரும் டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் போன்ல பேசிக்கிற உறவுல இருந்தா உங்க குதிரைக்கு அதிர்ஷ்டம், குளம்பு எக்ஸ்ரேயை ரெண்டு பேரும் சேர்ந்து பாக்காம எத்தனையோ நொண்டல் மாசக்கணக்கா இழுத்துக்கிட்டு கிடக்கும்.

படி 4: எப்போ உடனே, எப்போ காலையில

உடனே கூப்பிட வேண்டியது: வயித்து வலி, மூக்கு வழியா தீனியும் எச்சிலும் ஒழுகுறது, கண் மூடிக்கிட்டு தண்ணி வடியுறது, மூட்டுகிட்டயோ தசைநாண் மேலயோ காயம், காலையே ஊனாம நிக்கிறது, குளம்புல ஆணி, முன்கால் ரெண்டையும் நீட்டி பின்னாடி சாஞ்சு நிக்கிறது, வெயில்ல மூச்சிரைச்சு 40 டிகிரிக்கு மேல காய்ச்சல், வேலை செஞ்ச பிறகு பின்தசை கல் மாதிரி இறுகி சிறுநீர் காபி கலர்ல வர்றது. இன்னொண்ணையும் சேருங்க, கட்டு அவுந்து போய் தானிய மூட்டையைத் தின்னுட்ட குதிரை. அது அந்த நேரம் சந்தோஷமா நிக்கும், ஒண்ணும் ஆகலையேன்னு விட்டுடுவோம், குளம்பு வீக்கம் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு வரும், அப்போ டாக்டர் வந்து செய்யக்கூடியது ரொம்ப கொஞ்சம்தான்.

சாப்பாடு தண்ணி நார்மலா இருந்து லேசா இருமல், பழைய மூட்டு வீக்கம், தோல்ல சொறி, மெதுவா இளைக்கிறது இதெல்லாம் காலையில பேசிக்கலாம்.

போன்ல சொல்ல வேண்டியது வரிசையா: வயசு, பெட்டையா ஆணா, சினையா, எப்போ இருந்து, கடைசியா எப்போ சாப்பிட்டது, லத்தி போட்டது எப்போ, நாடி மூச்சு வெப்பம் ஈறு, ஏற்கனவே என்ன மருந்து கொடுத்தீங்க. கடைசிக் கேள்விக்கு பொய் சொல்லாதீங்க, தப்பா கொடுத்திருந்தாலும் சொல்லிடுங்க, அதுக்கு மேல அவர் கொடுக்கப் போற மருந்து அதைப் பொறுத்துதான். நொண்டலா இருந்தா வீடியோ எடுத்து அனுப்புங்க.

படி 5: டாக்டர் வர்ற வரைக்கும்

வயித்து வலிக்குத்தான் ஜாஸ்தி கூப்பிடுவீங்க. முன்னங்காலால தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுக்கும் எழும், வேர்க்கும், புரளும். அமைதியா மந்தமா நிக்கிற வயித்து வலியும் உண்டு, தீனியைத் தொடாம நிக்கிறதே அதுக்கு முதல் அடையாளம். உடனே தீனி மொத்தத்தையும் எடுத்துடுங்க. மெதுவா நடத்தலாம், ஆனா மணிக்கணக்கா நடத்தி களைப்பாக்க வேண்டாம், அமைதியா படுத்திருந்தா படுக்க விடுங்க. பயங்கரமா புரளுற குதிரைகிட்ட நீங்க போய் மாட்டிக்காதீங்க, 500 கிலோ மேல விழுந்தா உங்களுக்குத்தான் ஆம்புலன்ஸ் வேணும்.

பாட்டில்லயோ குழாய்லயோ எண்ணெய், கஷாயம், சோடா எதையும் வாயில ஊத்தாதீங்க. இதை இன்னும் பல பேர் செய்றாங்க, தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்துனா பாதி நுரையீரலுக்குப் போகும், வயித்து வலி சரியானாலும் ரெண்டு நாள் கழிச்சு நிமோனியாவுல போயிடும். எண்ணெய் கொடுக்கணும்னா டாக்டர் டியூப் விட்டு இரைப்பைக்கே கொடுப்பார், அதுவும் இரைப்பை ஏற்கனவே ரொம்பி இருக்கான்னு பாத்துட்டு. வலி ஊசியும் அவரைக் கேக்காம போடாதீங்க. ஃப்ளுனிக்ஸின் போட்டா குதிரை சட்டுனு தெளிஞ்ச மாதிரி நிக்கும், உள்ள குடல் முறுக்கிக்கிட்டேதான் இருக்கும், ஆபரேஷனுக்கு நல்ல நேரம் அந்த மூணு நாலு மணி நேரத்துல போயிடும்.

தொண்டை அடைப்பு பாக்கத்தான் பயங்கரம், கழுத்தை நீட்டி இருமி மூக்கு வழியா பச்சைப் பச்சையா கொட்டும். அடைச்சது உணவுக்குழாய், மூச்சுக்குழாய் இல்ல, அதனால மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கும், பதறாதீங்க. தீனியும் தண்ணியும் எடுத்துட்டு தலையைத் தாழ்த்தி வைக்க விடுங்க. கழுத்துல குழாய் விட்டு தண்ணி அடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

ரத்தக் காயத்துக்கு சுத்தமான துணியை மடிச்சு வச்சு இறுக்கிக் கட்டுங்க, ஊறி வந்தா அதைப் பிரிக்காம மேலயே இன்னொரு கட்டு. 500 கிலோ குதிரைக்கு ரத்தமே 40 லிட்டர் கிட்ட இருக்கு, தரையில ரெண்டு லிட்டர் கொட்டிக்கிடந்தா பாக்க கொலை நடந்த மாதிரி இருக்கும், குதிரை அதைத் தாங்கும். கலர் ஸ்ப்ரே, பவுடர், மஞ்சள், கரி எதையும் வைக்காம உப்புத் தண்ணி மட்டும் விட்டுக் கழுவுங்க, அது ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புங்கிற கணக்குல கொதிக்க வச்சு ஆறினதா இருக்கட்டும். பெருசா தோல் தொங்குற காயத்தைவிட மூட்டுக்கு மேல ஒரு சின்ன ஓட்டைதான் எனக்கு பயம், மூட்டுக்குள்ள கிருமி போயிட்டா அன்னைக்கே கழுவியாகணும், மறுநாள் ஆச்சுன்னா வாய்ப்பு மளமளன்னு குறையும்.

குளம்புல ஆணி ஏறினா பிடுங்கத்தான் கை துடிக்கும். பிடுங்காதீங்க. ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தா அது எலும்பையோ மூட்டையோ தொட்டிருக்கான்னு தெரிஞ்சிடும், பிடுங்கிட்டா அந்த ஓட்டை மூடிக்கும், அப்புறம் எந்தப் பக்கம் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. மேல மேல உள்ள ஏறிடும்னு இருந்தா மட்டும், முதல்ல போட்டோ எடுத்து, எடுத்தப்புறம் இடத்தை மார்க் பண்ணி, ஆணியையும் பத்திரமா வைங்க.

கண்ணுக்கு வீட்டுல இருக்கிற சொட்டு மருந்து எதையும் விடாதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில புண்ணும் இருந்தா, கண்ணே போயிடும். டாக்டர் ஒரு பச்சைச் சாயம் விட்டுப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவார்.

குளம்பு வீக்கத்துக்கு ஐஸ். குளம்புல இருந்து முழங்காலுக்குக் கீழ வரைக்கும் ஐஸ் தண்ணியில நிக்க வைங்க, விட்டு விட்டு இல்ல, தொடர்ச்சியா. நடத்தாதீங்க, மெத்து மெத்துன்னு படுக்கை போடுங்க. வெயில் தாக்கின குதிரைக்கு குளிர்ந்த தண்ணியை உடம்பு பூரா ஊத்திக்கிட்டே இருங்க, சூடான உடம்புல குளிர்ந்த தண்ணி ஊத்துனா தசை பிடிச்சுக்கும்னு சொல்றது வெறும் கதை.

படி 6: டாக்டர் வந்தப்புறம்

வயித்து வலின்னா நாடி, ஈறு, வயித்துச் சத்தம் பாத்துட்டு டியூப் விடுவார். அதுல பல லிட்டர் திரும்ப வந்தா சிறுகுடல் பக்கம் அடைப்புன்னு சந்தேகப்படுவார், அந்த டியூப் விடலைன்னா இரைப்பை வெடிக்கக்கூட செய்யும். அப்புறம் ஆசனவாய் வழியா கை விட்டுப் பாக்குறது, வயித்துல மூணுல ஒரு பங்குதான் கைக்கு எட்டும், ஆனாலும் குடல் ஊதியிருக்கா, இடம் மாறியிருக்கான்னு அதுலதான் தெரியும். ஸ்கேன், வயித்து நீர் எடுத்துப் பாக்குறதும் உண்டு. நாடி 60 தாண்டி நின்னு, வலி ஊசிக்கும் அடங்கலைன்னா ஆஸ்பத்திரிக்கு கிளப்புங்கன்னு சொல்வார், அப்போ விவாதம் பண்ணிக்கிட்டு நிக்காதீங்க. நிறைய வயித்து வலி லாயத்துலயே சரியாயிடும்ங்கிறதையும் சொல்லிடறேன்.

நொண்டலுக்கு அவர் கடினமான தரையில துள்ளு நடையில ஓட்டச் சொல்வார். முன்னங்கால்னா நல்ல கால் ஊனும்போது தலை கீழ போகும், வலிக்கிற கால் ஊனும்போது மேல தூக்கும், இதை நீங்களே பாத்துப் பழகலாம். மூட்டை மடக்கி வச்சுட்டு உடனே ஓட்டுவார், குளம்பை இடுக்கியால அழுத்திப் பாப்பார். அப்புறம் நரம்பு மரத்துப்போற ஊசியை குளம்புல இருந்து ஆரம்பிச்சு மேல மேல ஒவ்வொரு இடமா போடுவார், எந்த ஊசிக்கு நொண்டல் நின்னுச்சோ அந்த இடத்துலதான் வலி. இதுக்கு அரை நாள் ஆகும். நேரா தோளைப் பாருங்க சார்னு அவசரப்படுத்தாதீங்க, முன்னங்கால் நொண்டல் பெரும்பாலும் குளம்புலதான் இருக்கும், திடீர்னு காலே ஊனாம நிக்கிற குதிரை பல நேரம் குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்கிற குதிரைதான், சீழை வெளிய விட்டா மறுநாளே நடக்கும்.

மருந்து அலமாரி பத்தி

குதிரைக்கு ஊசி போடுறது எல்லாரும் கத்துக்கிற விஷயமா ஆயிடுச்சு, எனக்கு அதுல பயம்தான். ஃப்ளுனிக்ஸினை தசையில போட்டா அங்க வாயு உண்டாக்குற கிருமி வளர்ந்து தசையே அழுகிப்போன கேஸ் உண்டு. பினைல்பூட்டசோன்ங்கிற இன்னொரு வலி மருந்தை ரத்தக்குழாய்ல போடும்போது கொஞ்சம் வெளிய கசிஞ்சா கழுத்துத் தோல் உரிஞ்சு விழும். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா இரைப்பைப் புண், பெருங்குடல் புண், சிறுநீரகம் காலி. லின்கோமைசின், கிளின்டாமைசின் மத்த மிருகத்துக்கு சாதாரண ஆன்டிபயாடிக், குதிரைக்கு பெருங்குடலைப் புண்ணாக்கிக் கொன்னுடும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் மிச்சம் இருக்குன்னு குதிரைக்குப் போடாதீங்க, அந்தத் தீவனத்துல சேர்க்கிற மோனென்சின்ங்கிற மருந்து கலந்திருந்தா கொஞ்சமே போதும், இதயத் தசை போயிடும், மாத்து மருந்து கிடையாது. ஒரே ஊசியை ரெண்டு குதிரைக்கு போடுறதும் இதே கணக்குதான், குதிரை ரத்தசோகை வைரஸ் அப்படியும் பரவும், அதுக்கு சிகிச்சை இல்ல.

குட்டி போடுற சமயம்

சினை சுமாரா 340 நாள். ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஞாபகம் வைங்க: ஒரு மணி நேரத்துல குட்டி நிக்கணும், ரெண்டு மணி நேரத்துல பால் குடிக்கணும், மூணு மணி நேரத்துல நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி விழணும். இதுல எது தாண்டினாலும் டாக்டர். நஞ்சு தங்கினா மாட்டுக்கு மாதிரி நாள் கணக்கா காத்திருக்க முடியாது, கருப்பை அழுகி குளம்பு வீக்கம் வரைக்கும் கொண்டு போகும், இழுத்து அறுக்கவும் கூடாது. பனிக்குடம் உடைஞ்சு அரை மணிக்குள்ள குட்டி வரலைன்னா கூப்பிடுங்க. வெள்ளையா வர வேண்டிய பை வெல்வெட் மாதிரி சிவப்பா வந்தா மட்டும் யாருக்கும் காத்திருக்காதீங்க, கிழிச்சு குட்டியை வெளிய எடுங்க, நஞ்சு முன்னாடியே பிரிஞ்சிடுச்சு, குட்டிக்கு உள்ள காத்தில்ல. குட்டி பிறக்கும்போது அதுக்கு நோய் எதிர்ப்பு சக்தியே கிடையாது, எல்லாம் சீம்பால்லதான் வரணும், அது ஒட்டுச்சான்னு ஒரு நாள் ஆகும்போது ரத்தம் எடுத்து பாக்கலாம்.

புதுக் குதிரை

வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர் வச்சுப் பாக்குறதுன்னா அது உங்க டாக்டரா இருக்கணும், விக்கிறவரோட டாக்டர் இல்ல. ரத்தம் எடுத்து பத்திரமா வைக்கச் சொல்லுங்க, வலி மருந்து போட்டு ஓட்டிக் காட்டியிருந்தா பின்னாடி சோதிக்கலாம்.

வந்த குதிரையை மூணு வாரம் தனியா வைங்க, தனி வாளி, தனி பிரஷ், கடைசியாத்தான் அதுகிட்ட போகணும், தினம் ரெண்டு தடவை வெப்பநிலை பாருங்க. ஸ்ட்ராங்கிள்ஸ்ங்கிற தொத்து நோய்ல காய்ச்சல்தான் முதல்ல வரும், தாடைக்கு கீழ கட்டி அப்புறம்தான். நோய் ஆறியும் தொண்டைக்குப் பக்கத்துல இருக்கிற காத்துப்பையில கிருமியை மாசக்கணக்கா சுமக்கிற குதிரைங்க இருக்கு. மூக்குல கெட்டியா சளி, தோல்ல வரிசையா முடிச்சு முடிச்சா புண்ணுன்னா கையால தொடாதீங்க, கிளாண்டர்ஸா இருக்கலாம், அது மனுஷனுக்கும் வந்து கொல்லும், உலக விலங்கு சுகாதார அமைப்போட பட்டியல்ல இருக்கிற நோய், சந்தேகம் வந்தாலே டாக்டர் அரசுக்குச் சொல்லியாகணும். அந்தக் குதிரையை ராத்திரியோட ராத்திரியா வேற இடத்துக்கு வித்துடுறவங்க இருக்காங்க, அவங்களுக்கு சொல்றதுக்கு என்கிட்ட நல்ல வார்த்தை இல்ல.

காப்பாத்த முடியாதப்போ

காப்பாத்த முடியாதுன்னு டாக்டர் சொன்னா வலியில்லாம அனுப்புற முறை பத்தி அவர்கிட்ட நேராவே கேளுங்க. குதிரையை எடுத்துட்டுப் போக வண்டி வரக்கூடிய இடத்துல நிக்க வைக்கிறது, எங்க புதைக்கிறது எரிக்கிறதுன்னு முன்னாடியே விசாரிச்சு வைக்கிறது, இன்சூரன்ஸ் இருந்தா அவங்களுக்கு முதல்லயே சொல்றது, இதெல்லாம் அந்த நேரத்துல தோணாது. அப்படி அனுப்புறதுக்குப் போடுற பென்டோபார்பிட்டால் ஊசி போட்ட உடம்புல அந்த மருந்து ரொம்ப நாள் தங்கும், அதைத் தின்ன நாயும் கழுகும் சாகும், அதனால வெளியில போடுறதுங்கிற பேச்சே கூடாது, ஆழமா புதைக்கணும் இல்ல எரிக்கணும், அங்க இருக்கிற சட்டம் எதை அனுமதிக்குதோ அதை. பக்கத்துல கூடவே வளர்ந்த குதிரை இருந்தா அதைக் கொஞ்ச நேரம் வந்து மோந்து பாக்க விடலாம், விட்டா அது கத்திக்கிட்டுத் தேடுறது குறையுதுன்னு குதிரை வளர்க்கிறவங்க நிறைய பேர் சொல்றாங்க. ஆனா தொத்து நோய்ல போன குதிரைக்கு இது வேண்டாம்.